கொடிமரத்தார் அன்ரெனா திருப்பிய கதை

பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும்தான் படித்தோம். திருகோணமலையில் அதை நம்பி வாழ்க்கை நடத்தியவர் கொடிமரத்தார் ஒருவர்தான். கடைக்கு வழி கேட்டால்கூட இடது வலது சொல்லமாட்டார். "தென்கிழக்கே போம், அவுஸ்திரேலியாவுக்குப் போற பக்கம்" என்பார். கேட்டவர் பாவம், தேங்காய் வாங்க வந்திருப்பார்.

எழுபதுகளில் துறைமுகக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த நான், லிங்கநகரில் அவருடைய வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவரும் அதே கந்தோரில் கிளாக்கர்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். முறையாக லைசன்ஸ் எடுத்த அமெச்சூர் வானொலிக்காரர். குசினிக்குப் பக்கத்து அறையில், தானே பொருத்திய பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரரோடு இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருப்பார். முற்றத்தில் நெடுநெடுவென்று ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் மீன்முள்ளுப் போல அலுமினிய அன்ரெனா. கோயில் கொடிமரத்தைவிட அது உயரம் என்று யாரோ சொல்லப்போய், மனுசனின் சொந்தப் பெயர் அடிபட்டுப் போயிற்று.

அந்த மீன்முள்ளு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசைக் குரல்தான் தெளிவாகக் கேட்கும். ஆகவே கதைக்கிற ஆளுக்கு ஏற்ப அதைத் திருப்ப வேண்டும். திருப்புகிற வேலை அவருடைய மனைவி மணி அக்காவுக்கு. குழாய் சுழல அதன் அடியில் தம்பலகாமத்து ட்ரக்டர் ஒன்றின் பெயரிங். தோளளவு உயரத்தில் பிடித்துத் தள்ளக் குறுக்கே ஒரு கம்பி. யன்னலுக்குள்ளிருந்து "இஞ்சரும், இன்னும் கொஞ்சம் கிழக்கே" என்று குரல் வரும். அக்கா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளுவா. "காணும், காணும்" என்று கேட்டதும் திரும்பிப் போவா. பின்னேரம் முழுக்க இதே கூத்து.

ஒருநாள் அக்காவுக்கு வலது தோளைத் தூக்க ஏலாமல் போயிற்று. பாரமான வேலை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்த நோ என்று அக்கா சாதித்தா. கொடிமரத்தார் நம்பவில்லை. அன்றைக்கே பெட்டியை அணைத்தார். அன்ரெனாவை மோட்டரால் திருப்பும் கருவி ஒன்றைச் செய்து முடிக்கும் வரை பெட்டியைத் தொடுவதில்லை என்று எனக்கு அறிவித்தார்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. அதற்கென்றே ரொட்டேற்றர் என்று ஒன்று உலகத்தில் விற்கிறது என்பதைப் படத்தில்தான் பார்க்கலாம். என்னையும் இழுத்துக்கொண்டு, காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற கிண்ணியா முஸ்லிம் ஒருவர் டவுணில் வைத்திருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனார். கார்க் கண்ணாடியில் மழை துடைக்கிற மோட்டர் ஒன்று வேண்டும் என்றார். என்னத்துக்கு என்று காக்கா விசாரிக்க, இவர் விளக்கினார்.

"அப்ப இவ்வளவு காலமும் திருப்பினது ஆரு?"

"என்ர மனுசி."

காக்கா எழும்பி உள்ளே போனார். பிறகு மோட்டரோடு சைக்கிள் சங்கிலியும் இரண்டு பல்லுச் சக்கரமும் எடுத்து, விலையே பேசாமல் கையில் கொடுத்தார். "முதல்ல இதக் கொண்டுபோய்ப் பூட்டுங்க" என்றார்.

மழை துடைத்த மோட்டர் பழைய பழக்கத்தை லேசில் விடவில்லை. சுவிட்சைப் போட்டதும் அன்ரெனா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடியது. அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வாசலில் கால் வைத்த மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் நின்று ஒன்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறது. கலியாணம் எப்படியோ நடந்தது. கொடிமரத்தாருக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

ஆட்டுகிற தண்டைக் கழற்றி எறிந்து சங்கிலியை நேரே பூட்டியதும் அன்ரெனா ஒழுங்காகச் சுற்றியது. ஒரு கிழமை ராசா மாதிரித் திரிந்தார். பிறகு கடற்காற்று தன் வேலையைக் காட்டியது. கொழும்பு ஆளொருவரோடு கதைத்து முடித்த இடத்திலேயே சங்கிலி துருப்பிடித்து இறுகிவிட்டது. கொழும்பு எங்களுக்குத் தென்மேற்கு. சீனன்குடாவும் அந்தப் பக்கம்தான். விமானப்படைத் தளம், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் அங்கே. அன்ரெனா நாட்கணக்காக அதையே வெறித்துக்கொண்டு நின்றது.

ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி மரியாதையானவர்; ஆனால் சிரிக்கிற ஆளில்லை. லைசன்ஸைப் பார்த்தார். முகாமை நோக்கி ஏன் இதைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் திருப்பி வைக்கவில்லை, அது திரும்பமாட்டேன் என்கிறது என்றார் இவர். அப்படியானால் திருப்பிக் காட்டச் சொன்னார் அதிகாரி. சுவிட்சைப் போட்டால் மோட்டர் முனகியது, மீன்முள்ளு அசையவில்லை. பெட்டியைக் கொண்டுபோக வேண்டி வரும் என்று அதிகாரி சொன்னபோது கொடிமரத்தாரின் முகம் செத்துப்போயிற்று. பெட்டி போனால் அந்த மனுசனில் மிச்சம் வெறும் கிளாக்கர்தான்.

மணி அக்கா குசினியிலிருந்து வந்தா. கையிலிருந்த அகப்பைக் காம்பால் சங்கிலியை நெம்பிக் கழற்றினா. குறுக்குக் கம்பியில் கை வைத்தா.

"விடும், மணி. பெட்டி போனாப் போகட்டும். தோள் போனா எங்க வாங்கிறது?"

"நீங்கள் சும்மா நில்லுங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையாலும் நெஞ்சாலும் தள்ளினா. அன்ரெனா மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த லீவு நாளில் கொடிமரத்தார் எல்லாவற்றையும் பிரித்தார். சங்கிலிக்குக் கிறீஸ் பூசினார். மோட்டர் நனையாமல் பால்மா ரின் ஒன்றைக் கவிழ்த்தார். கடைசியாக இரும்பு அறுக்கிற வாளை எடுத்து, குறுக்குக் கம்பியை அறுத்து வேலிக்கு வெளியே எறிந்தார். இனி ஆர் நினைத்தாலும் தள்ள ஏலாது.

அன்று பின்னேரம் பினாங்குத் தமிழர் ஒருவர் அகப்பட்டார். அபூர்வமாகத் தமிழில் கதைக்கக் கிடைத்த ஆள். வானொலிக்காரர் சந்தித்தால் சாமான்களைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். புது ரொட்டேற்றர் பூட்டியதை இவர் சொன்னதும், அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டார். நான் கதவோரம் நின்றேன். பக்கத்துக் குசினியில் அக்கா கோப்பை கழுவுகிற சத்தம்.

"மலிவான சாமான், பரவாயில்லை" என்றார் கொடிமரத்தார். "ஆனா முந்தி இருந்ததுதான் திறம். நான் சொல்ல முதலே அதுக்கு விளங்கும்."

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றது. பிறகு கனநேரம் கேட்கவேயில்லை.