கத்திரி வெயிலில் உறைபனி

திருத்தணியில் பனி உறையாது என்று சொல்கிறவர்கள் பூகோளம் படித்தவர்கள். நிர்வாகம் படித்தவர்கள் அல்ல. வெயிலுக்குப் பேர்போன அந்த ஊரில், அதுவும் கத்திரி உச்சத்தில், உறைபனியைக் கண்டுபிடித்து, அதோடு மல்லுக்கட்டி, வெற்றியும் கண்ட பெருமை ஒரே ஒரு மனிதரைச் சாரும். இருசக்கர வாகனப் பாதுகாப்பு வாரியத்தின் திருத்தணிக் கிளை அதிகாரி சடகோபன்தான் அவர். இமயமலையில் உட்கார்ந்துகொண்டு பனியைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய காரியம்? அங்கே அது காலடியில் கிடக்கிறது.

எண்பதுகளின் நடுவில், ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டபோது பிறந்தது அந்த வாரியம். கிளை அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் அரிசி மண்டியின் பக்கத்து அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, வெள்ளையும் சிவப்புமாக வர்ணம் அடித்த இரண்டு காலித் தார் டிரம்கள். சாலையில் ஆபத்தான இடங்களில் நிறுத்துவதற்காக வாரியம் கொடுத்த டிரம்கள் அவை. வெளியே வைத்தால் வெயிலில் வர்ணம் வெளுத்துவிடும் என்று சடகோபன் அவற்றை அறைக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பொதுச் சொத்தைத் தன் சொத்தைப்போலப் பார்த்துக்கொள்பவர் அவர். ஒரு டிரம்மின்மேல் அவருடைய குடிதண்ணீர்ப் பானை இருந்தது.

அந்த டிரம்மின்மேல் கௌரியம்மாளுக்கு ஒரு கண்.

கே.ஜி.கண்டிகைத் திருப்பத்தில் டீக்கடை வைத்திருந்தாள் கௌரியம்மாள். கடைக்கு எதிரே ஓர் ஓடைப் பாலம். கரும்பு லாரி ஒன்று மோதியதில் பாலத்தின் கைப்பிடிச் சுவரும், சாலையின் ஓரமும் சேர்ந்து ஓடைக்குள் போயிருந்தன. சடகோபனுக்குக் கண்டிகையில்தான் வீடு. காலையும் மாலையும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தன் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போவார், வருவார். தாண்டியதும் கௌரியம்மாள் கடையில் ஒரு டீ.

"ஒரே ஒரு டிரம்மு குடுங்க சார்" என்பாள் கௌரியம்மாள், டம்ளரை நீட்டிக்கொண்டே. "ஓரத்துல நிக்க வெச்சா வர்றவனுக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரரே போன மாசம் உள்ள உளுந்தாரு. முருகன் புண்ணியத்துல சிராய்ப்போட போச்சி."

"பாலம் வேற துறைம்மா."

"பாலம் அவங்களுது, சரி. டிரம்மு உங்களுதுதான?"

"டிரம் வாரியத்துது. நான் வெறும் காப்பாளர்" என்று சடகோபன் டீயை உறிஞ்சுவார். "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு."

ஒரு கோரிக்கைக்கு வாரியம் தரக்கூடிய மிக உயர்ந்த மரியாதை பரிசீலனை. அதற்குமேல் எதுவும் கொடுத்து அதன் கௌரவத்தை வாரியம் குறைத்ததே இல்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து இடி விழுந்தது. வேலையே இல்லாத கிளைகளை இழுத்து மூடப் போகிறார்களாம். முதல் பெயர் திருத்தணி. சடகோபன் சென்னைக்குப் போய், தபால் பிரிக்கும் நீண்ட மேஜையில் நாலு பேரோடு ஐந்தாவதாக உட்கார வேண்டும். தனி அறை போய்விடும். தனி மின்விசிறி போய்விடும். 'கிளை அதிகாரி' என்ற பலகை பழைய இரும்புக்குப் போய்விடும். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், உண்மையிலேயே இறங்கவில்லை.

மறுநாள் காலை ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முகக் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று, ஊசி ஊசியாக, பூப்பூவாக ஏதோ படிந்திருந்தது. வாரியம் அனுப்பிய வெளிநாட்டுக் கையேட்டில், குளிர்தேசத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் அவதியைக் காட்டும் அத்தியாயத்தில், இதே படம் இருந்தது.

"பத்மா! பனி! கண்ணாடியில பனி உறைஞ்சிருக்கு!"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பனியும் இல்ல, புடலங்காயும் இல்ல. கற்பூரம். உங்க ஹெல்மெட்டுல ஒரே வேர்வை நாத்தம். அதான் மலையில குடுத்த கற்பூரத்த ஒரு கை அள்ளி உள்ள போட்டு, பட்டுப்பொடவை டிரங்குப் பெட்டியில கவுத்து வெச்சேன். அடிச்ச வெயில்ல கற்பூரம் ஆவியாகி ஒட்டிக்கினு இருக்குது."

சடகோபன் கண்ணாடியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சென்னையின் நீண்ட மேஜை கண்முன் வந்துபோனது.

"பெட்டியில இன்னும் ரெண்டு கை போடு" என்றார்.

அன்றே தந்தி போனது. "திருத்தணியில் முகக் கண்ணாடிகளில் உறைபனி. நிலைமை கவலைக்கிடம். கிளை விழிப்புடன் உள்ளது."

தலைமையகம் இதை நம்புமா என்று சந்தேகப்படுகிறவர்கள் தலைமையகங்களை அறியாதவர்கள். வாரியத் தலைவர் பாலசுப்பிரமணியன் அப்போதுதான் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்குப் போய், ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியாமலும் பனி உறையாமலும் காப்பது எப்படி என்று அரசாங்கச் செலவில் கற்றுத் திரும்பியிருந்தார். கற்ற வித்தையைக் காட்ட ஒரு சொட்டுப் பனி கிடைக்காமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். தந்தியைப் படித்ததும் எழுந்து நின்றாராம். "எனக்குத் தெரியும். ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும்" என்றாராம்.

அவர் திருத்தணிக்கு வந்து இறங்கிய பகலில் தார் இளகிச் செருப்போடு வந்துகொண்டிருந்தது. தலைவர் கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையுறை சகிதம் ஜீப்பிலிருந்து குதித்தார். "களத்தில் இறங்குகிறவன் களத்துக்குத் தகுந்த உடையில் இருக்க வேண்டும்" என்றார். முகம் வெந்த பீட்ரூட்டாக இருந்தது. இப்படி ஒரு தியாகத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

மண்டி வாசலில் மேடை. இரண்டு டிரம்களை நிமிர்த்தி நிறுத்தி, மேலே பலகை போட்டு, ஜமக்காளம் விரித்திருந்தது. கௌரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கூடவே அவள் கணவன் துளசிங்கம். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். ஓடையில் விழுந்து உயிர் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டபடி அன்று காலைதான் மலையில் முடி கொடுத்து, தலைநிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், டிரம்ம வெளிய எடுத்துட்டீங்களே!" என்றாள் கௌரியம்மாள், முகமெல்லாம் மலர்ந்து. "நம்ம பாலத்துக்குத்தான?"

"இது மேடைம்மா."

"மேடைக்கு ரெண்டு செங்கல்லு வெச்சா ஆவாதா?"

"தலைவர் செங்கல் மேல நிப்பாரா? கூட்டம் முடியட்டும்."

தலைவர் டிரம்களின்மேல் ஏறி நின்று உரையாற்றினார். முகக் கண்ணாடிக்கு இரண்டு எதிரிகள். ஓட்டுகிறவனின் மூச்சு உள்ளே ஆவியாகப் படிகிறது; அது குளிரில் உறைந்து பனியாகிறது. ஆவியைத் தடுத்தவன் பனியைத் தடுத்தவனாகிறான். ஆகவே கண்ணாடியின் உள்பக்கம் சோப்பை மெலிதாகத் தடவித் துடைக்க வேண்டும். அல்லது வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்க்க வேண்டும். மூச்சு மேலே போகாமல் மூக்கின்மேல் துணிப்பட்டை கட்ட வேண்டும். கண்ணாடியை ஒரு நூல் அளவு திறந்து வைக்க வேண்டும்.

"உருளைக்கிழங்கு என்ன வெல விக்கிது, இவரு மூஞ்சிக்குத் தேய்க்கச் சொல்றாரே" என்றது ஒரு குரல். தலைவர் அதைப் பொதுமக்களின் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு சடகோபன், பட்டுத்துணியால் மூடிய தன் ஹெல்மெட்டை ஏந்தி வந்து, துணியை விலக்கினார். பத்மா தாராளமாகத்தான் போட்டிருந்தாள். கண்ணாடி முழுக்க வெண்படலம், வெயிலில் மினுமினுத்தது. தலைவர் கையுறையைக் கழற்றி ஒரு விரலால் தொட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அங்கே பார்த்ததைவிடத் தரமாக இருக்கிறது" என்றார்.

திருத்தணியில் எந்த வண்டியும் பூசை போடாமல் நகராது. உறைபனி எதிர்ப்பு ஓட்டத்துக்காக நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளுக்கும் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் தயார். ஹெல்மெட்டை மரியாதையாக வண்டியின் விளக்கின்மேல் வைத்தார்கள். அர்ச்சகர் கற்பூரத் தட்டை ஏற்றி வண்டியைச் சுற்றினார். பிறகு பக்தியோடு ஹெல்மெட்டுக்கு அருகில் கொண்டுபோனார்.

குப்பென்று உறைபனி தீப்பிடித்தது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "முருகா!" என்றார்கள் சிலர். சடகோபன் தண்ணீர்ப் பானையைத் தூக்கி ஊற்றினார். தலைவர் குனிந்து கண்ணாடியை மோந்து பார்த்தார்.

"சடகோபன், பனி எரியலாமா?"

"சாதாரணப் பனி எரியாதுங்க. இது கத்திரியில பொறந்த பனி."

"கற்பூர வாசனை வருகிறதே?"

"கோயில் ஊருங்க. இங்க எல்லாத்துலயும் அந்த வாசனை வரும்."

தலைவர் மெல்லத் தலையை ஆட்டினார். வெளிநாட்டுக் கையேட்டில் இல்லாத ஒன்று தனக்குக் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் பரவியது. 'உறைபனியைத் தீயால் நீக்கும் திருத்தணி முறை' என்று உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னார்.

பனி ஒழிந்தது. ஆவி பாக்கி இருந்தது. ஆவியைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சடகோபன் சுற்றிலும் பார்த்தார். துளசிங்கத்தின் மொட்டைத் தலையில் ஈரச் சந்தனம் மின்னியது.

"துளசிங்கம், ஹெல்மெட்ட மாட்டிக்கினு கண்டிகை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாப்பா."

"நானா சார்? சந்தனம் காயல சார்."

"போய்ட்டு வந்தா சாயங்காலமே டிரம் உனக்கு."

துளசிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே போகச் சொன்னாள். வாரியத்தின் இன்னொரு ஹெல்மெட்டை மாட்டினார்கள். ஈரச் சந்தனமும் வெயிலும் சேர்ந்து, கண்ணாடி இட்லிப்பானை மூடியாகிவிட்டது. உள்ளே துளசிங்கம் இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

"ஆவி! ஆவி!" என்று தலைவர் கைதட்டினார்.

பத்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கைத் தலைவரே தன் கையால் வெட்டித் தேய்த்தார். சோப்பைத் தடவித் துடைத்தார். மூக்குக்குப் பட்டை கட்டினார். கண்ணாடியின் கீழே ஒரு தீக்குச்சியைச் செருகி, நூல் அளவு திறந்து வைத்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. வித்தை உண்மையான வித்தை. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

வண்டி கிளம்பியது. பக்கத்திலேயே ஜீப். கண்ணாடியில் மறுபடி ஆவி படிகிறதா என்று கண்கொட்டாமல் பார்க்கவேண்டும் அல்லவா? தலைவர் ஜீப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு துளசிங்கத்தின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னும் கிட்ட போ, இன்னும் கிட்ட" என்று டிரைவரை விரட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த சடகோபனுக்குக் கண்டிகைத் திருப்பம் தெரிந்தது. பாலம் தெரிந்தது. தலைவர் கவனமாக இருக்கும்போது குறுக்கே பேசுவது ஒழுங்கல்ல என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

ஜீப் இன்னும் கிட்டப் போனது. துளசிங்கம் ஓரம் ஒதுங்கினார். ஓரம் அங்கே இல்லை.

உயிருக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட் தலையைக் காத்தது. வலது கை மட்டும் இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு யாரும் தறி ஓட்ட முடியாது. வேறு ஆள் அந்தத் தறிக்கு வந்துவிட்டான்.

சில நாள் கழித்துச் சடகோபன் வாழைப்பழத்தோடு பார்க்கப் போனார்.

"தலைவர் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. விழுற நேரத்துல கண்ணாடியில ஆவி இருந்துச்சா?"

"இல்ல சார்" என்றார் துளசிங்கம். "பளிச்சுனு தெரிஞ்சிது. இந்தாண்ட உங்க ஜீப்பு. அந்தாண்ட பள்ளம். நடுவுல நானு. எல்லாம் நல்லா தெரிஞ்சிது."

சடகோபனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாரியத்தின் ஆண்டறிக்கையில் அது தங்க எழுத்தில் ஏறியது: "வாரியத்தின் முறையால் கண்ணாடி தெளிவாக இருந்தபடியால், விபத்துக்குள்ளானவர் தம் விபத்தை முழுமையாகக் காண முடிந்தது." திருத்தணிக் கிளை மூடப்படவில்லை. உறைபனித் தடுப்பு மண்டலப் பயிற்சி மையமாக உயர்ந்தது. சடகோபனுக்கு இரண்டாவது மின்விசிறி வந்தது. பயிற்சிக்கு மேடை எப்போதும் தேவை என்பதால் டிரம்கள் அங்கேயே நிரந்தரமாயின.

அதற்குப் பிறகு ஒரு மாலை வழக்கம்போலப் பாலத்தைத் தாண்டி டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். உட்காரப் பெஞ்சைத் தேடினார், காணோம்.

"பெஞ்ச் எங்கம்மா?"

கௌரியம்மாள் கையை நீட்டினாள். உடைந்த பாலத்தின் ஓரத்தில், கடையின் ஒரே பெஞ்சு செங்குத்தாக நின்றது. மேலே அவளுடைய சிவப்புப் புடவையில் கிழித்த துண்டு படபடத்தது.

"ஓரத்துல கீது சார். போயி குந்துங்க."

சடகோபன் நின்றபடியே டீயைக் குடித்தார். ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கினார். அதில் ஆவி இல்லை, பனி இல்லை, ஒரு தூசிகூட இல்லை. காலையும் மாலையும், இத்தனை நாளும், அவருக்கும் எல்லாம் நல்லாத்தான் தெரிந்தது.