ஸ்கார்தோர்ப் நூலகத்தில் கடைசிக் கம்பளிக்கு நடந்த பெரும்போர்

பனிமூட்டத்தைக் கிழித்துப் பன்னிரண்டாம் எண் பேருந்தை ஓய்வுபெறும் நாள்வரை ஓட்டிய தேராளனே! ஓடிவரும் பயணிக்காக ஒருகணம் நின்றவனே, உனக்காக எவரையும் நிற்கச் சொல்லாதவனே! ஒருவரிடமும் ஒன்றும் கேளாத உறுதிமலையே! யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தின் ஸ்கார்தோர்ப் நகரில், சர்ச் பின்தெரு கடைசி வீட்டை ஆளும் நெவில் பாரக்ளஃப் பெருமானே, நின் புகழ் பாடப் புகுந்தோம்! நூலகத்தின் வடமூலையில் வெண்பற்கள் வரிசையாய்த் தெரிய வீற்றிருந்து, உள்ளே வெந்நீர் முணுமுணுக்க, வந்தவர்க்கெல்லாம் அபயம் அளிக்கும் வெப்பக்குழாய்த் தாயே, எம் நாவில் வந்து அமர்க. கொஞ்சம் மெதுவாக அமர்க, சுடும்.

அது பிப்ரவரி. எரிவாயுக்காரர்கள் விலையென்னும் வில்லை நாணேற்றி, மின்சாரக்காரர்கள் அதற்கு அம்பெடுத்துக் கொடுக்க, அங்காடிக்காரர்கள் வெண்ணெய்க் கட்டிக்கும் திருடினால் அலறும் மணி மாட்டிவைத்த கொடுங்காலம். குடிகள் படும்பாட்டைக் கண்டு மனமிளகிய நகரமன்றம், செவ்வாய்தோறும் நூலகத்தின் ஓர் அறையைச் சூடாக்கி வைத்து, தேநீரும் பிஸ்கெட்டும் ஈந்து, அதற்கும் மேலே ஒருபடி சென்று, சுவரில் சொருகினால் சுடுகின்ற மின்கம்பளிகளை மேசைமேல் அடுக்கி, வேண்டுவோர் வாய்திறந்து கேட்டால் போதும், கேள்வி இல்லை, சான்று இல்லை என்று அறிவித்தது. அறிவித்தவர்கள் அவ்வூரில் பிறந்தவர்கள்தாமா என்று ஐயுற இடமுண்டு. வாய்திறந்து கேட்பது ஒன்றைத் தவிர வேறெதையும் செய்யத் துணிந்தவர்கள் அவ்வூர் மக்கள்.

நம் நாயகனின் அரண்மனை நிலையோ சொல்லும் தரமன்று. சமையலறையில் அவர் விட்ட பெருமூச்சு வெண்கொடியாக எழுந்து கண்முன்னே நின்றது. ஹீட்டரின் குமிழ் கண்ணில் பட்டால் கை அதை நாடுமென்று, அதன்மேல் பாத்திரம் துடைக்கும் துணியொன்றைத் தொங்கவிட்டிருந்தார். அன்று காலை பீன்ஸ் டப்பாவின் வளையத்தை இழுக்க முயன்றபோது, இரும்புக் கியர்களை ஆண்ட அந்த விரல்கள் மரத்துப்போய் ஒத்துழைக்க மறுத்தன. பீன்ஸ் வென்றது. அப்போதுதான் வீரர் முடிவெடுத்தார்: கம்பளி இல்லாமல் இந்த மாதத்தைக் கடக்க முடியாது, ஆனால் கம்பளிக்காக வந்ததாக யாருக்கும் தெரியவும் கூடாது.

ஆகவே செய்தித்தாள் படிக்க வந்தவராக நூலகம் புகுந்தார். தேவையுள்ளவன் என்று எவரும் எண்ணிவிடாதபடி, வெப்பக்குழாய்த் தாயின் திருமுகத்துக்கு இரண்டு மேசை தள்ளி, கதவோரக் காற்றிலேயே அமர்ந்தார். நாய்க் கண்காட்சிச் செய்தியை நான்காம் முறை வாசித்தபடி, கம்பளிக் குன்று தேய்வதை ஓரக்கண்ணால் அளந்தார். மூவர் போனார்கள், குன்று மேடானது. இன்னும் மூவர் போனார்கள், மேடு தரையானது. கடைசியில் ஒன்றே ஒன்று, பொன்னிறப் பெட்டியில், இரட்டைக் கட்டில் அளவில் எஞ்சி நின்றது. நம் நாயகன் எழுந்தார். மடைதிறந்த வெள்ளமென, மதங்கொண்ட வேழமென, மற்றபடி ஏதோ வழியில் தென்பட்டதால் போகிறவர் போல, மேசையை நோக்கி நடந்தார்.

அதே கணத்தில், சமையல் நூல்களின் அணிவகுப்புக்குப் பின்னாலிருந்து இன்னொரு வீரம் வெளிப்பட்டது. எதிர்வீட்டு மேவிஸ் ஹெப்டன்! பள்ளி உணவுக்கூடத்தில் கரண்டியேந்தி, ஆயிரம் பிள்ளைகளுக்குப் பட்டாணியைக் கணக்குப் பிசகாமல் வழங்கிய பெருந்தகை. கணவன் மறைந்தபின் தெருவின் ஒழுக்கத்தையே தனித்துக் காப்பவள். இருவர் கைகளும் பெட்டியின் இருபுறமும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இருவரும் நெருப்பைத் தொட்டவர்கள் போலக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

வேறு நாடாயிருந்தால் இந்த இடத்தில் குழாயடிச் சண்டை மூண்டிருக்கும். ஒருவர் வென்று ஒருவர் தோற்று, ஊர் அமைதியடைந்திருக்கும். ஸ்கார்தோர்ப்பின் போர்முறையே வேறு. அங்கே எடுத்தவன் தோற்றவன், கொடுத்தவனே வென்றவன்.

"நீ எடுத்துக்கோ மேவிஸ். நான் சும்மா பேப்பர் பாக்க வந்தேன்" என்று முதற்கணையை ஏவினார் நெவில்.

"எனக்கு எதுக்குய்யா? என் வீடு ரொட்டி சுடுற அடுப்பு மாதிரி இருக்கு. ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் தூங்குறேன்" என்று அதை நடுவானிலேயே முறித்தாள் மேவிஸ்.

தேநீர்க் கோப்பைகள் உதட்டருகே உறைந்தன. தேநீரில் தோய்த்த பிஸ்கெட் ஒன்று, கவனிப்பாரின்றி இரண்டாக உடைந்து மூழ்கியது. சொல் போதாதென்று கண்ட நாயகன், தன் வெம்மையை மெய்ப்பிக்கும்பொருட்டுக் கழுத்துத் துணியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். மேவிஸ் கையுறைகளைக் கழற்றினாள். நெவில் பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்து, மேல்கோட்டென்னும் கோட்டையையே துறந்தார். மேவிஸ் கம்பளிச் சட்டையைக் களைந்தாள். உள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை இருந்தது. உக்கிரம் தலைக்கேற அதையும் களைந்தாள். அதனுள்ளும் ஒன்று இருந்தது.

நெவில் அதைப் பார்த்துவிட்டார். மேவிஸோ, அவருடைய ஸ்வெட்டரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்த கோடுபோட்ட துணியைப் பார்த்துவிட்டாள்.

"பைஜாமா வெளியே தெரியுது நெவில்."

"இப்ப அதுதான் ஃபேஷன்."

"அப்படியா. அழகாத்தான் இருக்கு."

ஒருவர் குளிரை மற்றவர் கண்டுகொண்டபின்னும், கண்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்லை என்று அவள் வானிலையைப் பற்றிச் சொன்னாள். காற்றுதான் கொஞ்சம் என்று அவர் ஒப்புக்கொண்டார். மேசைக்குப் பின்னால் நின்ற நகரமன்ற ஊழியர் ஜெம்மா, இரு பெருமலைகளுக்கு நடுவே அகப்பட்ட சிற்றோடை போல, "யாராவது ஒருத்தர் எடுத்துக்கோங்க செல்லங்களா, நான் மேசையை மடிக்கணும்" என்று இறைஞ்சினாள். தன்னைவிடத் தேவைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று மேவிஸ் உலகத்தை நோக்கிப் பொதுவாகச் சொன்னாள். அதையே தானும் சொல்ல வந்ததாக நெவில் சொன்னார்.

அவ்வேளையில் வாயில் அதிர, மார்பில் பொற்சங்கிலி குலுங்க, பின்னால் வாரப் பத்திரிகையின் படக்காரர் தொடர, நகர மேயர் டெஸ்மண்ட் மர்கட்ராய்டு எழுந்தருளினார். வயிறு முன்னே வந்தது, புன்னகை அடுத்து வந்தது, அவர் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். கம்பளி வழங்கும் திருக்கோலத்தில் படமெடுத்துக்கொள்வது அவர் திட்டம். மேசைமேல் ஒற்றைப் பெட்டியைக் கண்டு, இது யாருக்கு என்று வினவினார்.

"வேண்டாங்க" என்றனர் இருவரும் ஒரே குரலில். அந்தப் போர் முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போன இடம் அது ஒன்றே.

மேயரின் முகம் உதயசூரியனாயிற்று. பெட்டியின்மீது வலக்கரத்தை ஊன்றி, படக்காரர் பக்கம் முக்கால் முகத்தைத் திருப்பி, முழங்கினார்:

"ஸ்கார்தோர்ப் பெருமக்களே! இதோ, ஒரு கம்பளி மிஞ்சியிருக்கிறது! குளிரை இந்நகரிலிருந்து விரட்டிவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இனி இந்த அறைக்கும் கம்பளிக்கும் வேலையில்லை. மிச்சமாகும் நிதியைக் கொண்டு, நகரமன்றத் திடலில் பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைப்போம்!"

விளக்கு மின்னியது. பிஸ்கெட் கையோடு ஒருவர் கைதட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். மூதாட்டி ஒருத்தி வெப்பக்குழாய்த் தாயை, ஊருக்குப் போகும் தங்கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஜெம்மா பெட்டியை அலமாரிக்குக் கொண்டுபோகத் தூக்கினாள்.

நெவில் திரும்பி மேவிஸைப் பார்த்தார். ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய அந்தத் தாடை, நிறுத்த நிறுத்த நில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்து, ஏதோ யோசிப்பவள்போல் நின்றாள்.

அப்போது நாயகனின் நெஞ்சக்களத்தில் மூண்டதே மெய்யான போர். பாரக்ளஃப் குலத்து முன்னோர் அனைவரும் கல்லறை விட்டெழுந்து அணிவகுத்தனர். சுரங்கத்தில் கால் முறிந்தும் 'லேசா வலிக்குது' என்ற பாட்டனார் முன்வரிசையில் நின்று, வேண்டாமப்பா, குலமானத்தைக் கெடுக்காதே என்று கைகூப்பினார். பசியோடு உறங்கி, வயிறு நிறைந்ததென்று சொன்ன அத்தைமார் கண்ணீர் உகுத்தனர். ஆயினும் அந்தப் பேராண்மை அசைந்தது. எழுபதாண்டுப் பனிப்பாறை அடிவரை விண்டது. போகிற கம்பளிப் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்து நிறுத்தி, படக்காரரும் மேயரும் மேவிஸும் கேட்க, திருவாய் மலர்ந்து நெவில் பாரக்ளஃப் சொன்னார்:

"எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பக் குளிருதுங்க."