எழுந்திருக்காத விருந்தாளிகள்

கபாலபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் மதிலில் ஆயிரம் வாசல்கள். வாசலுக்கு ஒரு நாற்காலி, ஒரு மணி, ஒரு காவலன். நாற்காலிக்குப் பொருந்தியவர் வந்து உட்கார்ந்தால் காவலன் மணியடிப்பான். மணி கேட்டால் ஊருக்குள் ஓயாமல் அதிரும் வலிமுரசு அடங்கும், மக்களின் உடல்வலியும் தணியும். அமுதவல்லி என்ற உள்ளூர்க்காரி அவ்வப்போது வந்து, சற்று உட்கார்ந்து, எழுந்து போவாள். அந்தச் சற்று நேரத்துக்குள் காவலன் பொன்னரங்கனின் மனைவி குஞ்சம்மாள், முழங்கால் வலியை மறந்து படியேறி, அவனுக்குச் சோறு கொண்டுவந்துவிடுவாள். அது போதுமானதாகத்தான் இருந்தது.

ஒருநாள் அமுதவல்லியின் சாயலில் அயலூர் விருந்தாளிகள் வந்து வாசல்தோறும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழவில்லை. மணியும் நிற்கவில்லை. மக்கள் வீதிக்கு வீதி நன்றிப் பதாகை கட்டினார்கள். குஞ்சம்மாளும் ஒன்று கட்டினாள்.

மணியமைச்சருக்குக் காது குடைந்தது. "அளவு மீறி மணியடிக்கும் காவலனின் அங்கி வாலில் அரக்கு முத்திரை குத்தப்படும். முத்திரை பெற்றவனுக்கும் மணிக்கயிற்றுக்கும் நடுவில் ஓர் அதிகாரி நின்றருள்வார். அதற்கும் அடங்காதவன் நாற்காலியோடு உள்ளே இழுக்கப்படுவான்" என்று ஆணையிட்டார். பொன்னரங்கனுக்கு மூன்று முத்திரை விழுந்தது. பாதி வாசல்கள் மூடின. மணிகள் முனகின, முரசு மறுபடி எழுந்தது. அமுதவல்லிக்கு உட்கார இடமே இல்லை.

"விருந்தாளிகள் போதவில்லை. இன்னும் ஐந்நூறு பேரை அழையுங்கள்" என்றார் அரசர்.

வந்தார்கள். முண்டியடித்து உட்கார்ந்தார்கள். மிஞ்சிய மணிகள் ஒலித்த ஒலியில், ஊருக்குக் காற்றடிக்கும் துருத்திக்காரர்களும் கண்ணயர்ந்தார்கள். மக்கள் மூச்சுக் கிடைக்காமல், சிரித்த முகத்தோடு நீலம் பாரித்தார்கள். "குடிகளின் மனநிறைவு முகத்திலேயே தெரிகிறது" என்று அமைச்சர் குறிப்பெழுதினார்.

சோற்றுப் பாத்திரத்தோடு மதில்மேல் நின்ற குஞ்சம்மாள் இதைப் பார்த்தாள். விருந்தாளியின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"அடியே, நீ உக்காந்தா மணி அடிக்காதுடி!" என்று பதறினான் பொன்னரங்கன்.

"அடிக்க வேணாம்யா. இவங்க எழுந்தாப் போதும்."

மற்றக் காவலர்களின் மனைவிமாரையும் கூவி அழைத்தாள். வாசலுக்கு ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். மணிகள் நின்றன. துருத்திகள் விழித்தன. முரசு முன்னிலும் பத்து மடங்காக இடித்தது. மூச்சு திரும்பிய மக்கள் முதல் வேலையாகக் குஞ்சம்மாளைத் திட்டினார்கள்.

சபை கூடியது. "ஆறுதல் தராமல் ஆசனத்தில் அமர்ந்தது ராஜத்துரோகம். இவளை நாடு கடத்தி, விருந்தாளிகளைத் திரும்ப அழைக்கலாமா?" என்று அமைச்சர் கேட்டார். ஊரே கையைத் தூக்கி, "அழைக்கலாம்!" என்று முழங்கியது.

"உசுரக் காப்பாத்துனவள இப்பிடித் திட்டுறாங்களே" என்று பொன்னரங்கன் அழுதான்.

குஞ்சம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "திட்டட்டும்யா. திட்டுறதுக்கு மூச்சு வேணும்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைக் கவனித்தான். அவளுக்கு எதிராக ஒலித்த அத்தனை குரல்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். சபை நடுவே அவளைப் பார்த்து நன்றியோடு கைகூப்பினான்.