தவளை அரசனுக்கு ஒரு வாரிசு

தவளை அரசன் மூன்று துண்டாகக் கிடந்தான்.

எகிப்தில் அபிதோஸ் அகழாய்வு முகாமின் கிடங்குக் காவலன் பகீத், முழங்கையால் அவனைத் தட்டிவிட்டிருந்தான்.

அரசன் என்றால், உள்ளங்கை அளவுப் பானை ஓடுதான். அதில் ஒரு கட்டம் கீறியிருந்தது. கட்டத்தின் மேல் ஒரு ராஜாளி. கட்டம் என்றால் அரண்மனை. ராஜாளி உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பது அரசன் பெயர். பாத்திரத்தில் வீட்டுக்காரர் பெயரை வெட்டுகிற மாதிரி, அந்தக் காலத்தில் ஜாடியில் ராஜா பெயரைக் கீறுவார்கள். இந்தக் கட்டத்துக்குள் ஒரு தவளை இருந்தது. எப்படி வாசிப்பது என்று ஒருவருக்கும் தெரியாததால் தவளை அரசன் என்றே சொல்லிவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே முதல்முறை தோண்டியபோது கிடைத்த ஓடு; அவன் ஆண்டதற்கு உலகத்திலேயே இது ஒன்றுதான் சாட்சி.

நண்பகலில் கெய்ரோவிலிருந்து பேராசிரியர் ராகிப் வருகிறார். ஓட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் தோண்டலாம். இல்லாவிட்டால் பகீத் உட்பட முப்பது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சமையல்காரர் ஷவ்கி செருப்பு ஒட்டும் பசை கொண்டுவந்தார். "இதுல ஒட்டினா ஒட்டகம் இழுத்தாலும் வராது."

உண்மைதான். ராஜாளி தலைகீழாக ஒட்டிக்கொண்டதைப் பகீத் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது.

"கீழ விழுற மாதிரி இருக்கேண்ணே."

"வேட்டைக்குப் பாயுதுன்னு சொல்லு."

கிடங்குக்குப் பின்னால் எழுத்தில்லாத பழைய ஓடுகள் குவிந்து கிடக்கும். பகீத் ஒன்றை எடுத்து ஆணியால் கீறினான். கட்டம் வந்தது. ராஜாளியும் ஓரளவு வந்தது. தவளையில் ஆணி வழுக்கியது. அதை மறைக்க முதுகை வளைத்தான்; வளைந்த முதுகுக்கு ஒரு வால் தேவைப்பட்டது.

"ஆமை," என்றார் ஷவ்கி.

"தவளைண்ணே."

"அப்ப நான் இதுவரைக்கும் தவளையே பார்த்ததில்ல."

புதுக் கீறல் வெளுப்பாகத் தெரியும்; பழைய கீறலில் அழுக்கு ஊறியிருக்கும். அதனால் டீச்சக்கையைத் தேய்த்து, சாம்பல் தூவி, வெயிலில் காயவைத்தான். கை கழுவிவிட்டு வந்தால், முகாம் தலைவி டாக்டர் இஸ்மத் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"பகீத், இது எங்க இருந்துச்சு?"

"அந்தக் குவியல்ல, டாக்டரம்மா." அதில் பொய் இல்லை.

"ஆமை." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தவளைக்கு ஒரு மகன் இருந்திருக்கான்யா."

"மகனா?"

"ரெண்டும் தண்ணியில கிடக்கிற ஜீவன். ஒரே குடும்பம்."

"டாக்டரம்மா, காலையில தவளை கொஞ்சம்..." என்று மேசையைக் காட்டினான்.

தலைகீழ் ராஜாளியை அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "உடைச்சிட்டியா? நேத்து உடைச்சிருந்தா உன்னை இந்தக் குழியிலயே புதைச்சிருப்பேன். போகட்டும், அப்பன் போனா என்ன, மகன் இருக்கான்."

உடனே தொலைக்காட்சிக்குப் போன் போட்டார்.

நண்பகலில் பேராசிரியரின் காருக்குப் பின்னாலேயே படப்பிடிப்பு வண்டியும் வந்து நின்றது. முப்பது தொழிலாளிகளும் சவரம் செய்துகொண்டு வரிசையாக நின்றார்கள்.

பேராசிரியருக்கு எழுபது வயதிருக்கும். ஒட்டிய தவளையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமையை மட்டும் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார், ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "மிக முக்கியமான சான்று," என்று கேமராவிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பகீத் மட்டும் கைதட்டவில்லை. நாளைக்கு ஆமை பாடப்புத்தகத்தில் ஏறும். அவன் மகளே அதை மனப்பாடம் செய்வாள். மனம் பொறுக்காமல் கார் வரை ஓடினான்.

"ஐயா, அந்த ஆமை நான் காலையில கீறினது."

"தெரியும்ப்பா. டீ வாசனை அடிக்குது."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

பேராசிரியர் கார்க் கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டு, குரலைத் தணித்தார்.

"ஆமை பொய்யின்னு சொன்னா, அதே லென்ஸைத் தவளை மேலயும் வைப்பாங்க. அதைக் கீறினப்ப எனக்கு இருபது வயசு. உன் அளவுக்குக் கைவேலை தெரியாது."