மேல் மடிப்பு, கீழ் மடிப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தேசப்பனுக்கு ஒரு பொம்பளை முதலாளி வேண்டும். கிடைக்காவிட்டால் தருமபுரிக்கு மாற்றல்.

ஆபீசர் இதைக் கோபப்படாமல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னார். இது மகளிர் ஆண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு நாலாயிரம் தலையணை உறை தைக்க வேண்டும். அந்த ஆர்டரைப் பெண்கள் நடத்தும் சிறுதொழிலுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. திருவள்ளூர் சிறுதொழில் ஆபீசில் அந்த யூனிட்டுகளைப் பதிவு செய்கிற குமாஸ்தா தேசப்பன்தான்.

"நம்ம வட்டாரத்தில ஒரு பொம்பளை யூனிட்கூட இல்லேன்னு எழுதினா, இத்தனை வருஷம் என்ன பதிவு பண்ணீங்கன்னு கேப்பாங்க. நான் உங்களைத்தான் காட்டுவேன்" என்றார் ஆபீசர்.

மாற்றலுக்கு தேசப்பன் பயந்தது வேறு காரணத்துக்காக. போன மாசி மாசம் அவர் மனைவி சம்பூர்ணம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. வாடகை வீட்டில், கொடியில், அவளுடைய மாம்பழக் கலர் புடவை எட்டு மாசமாக அப்படியே கிடக்கிறது. வீட்டைக் காலி செய்தால் அதை எடுத்து மடிக்க வேண்டும். மனுஷனுக்கு அதற்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தேசப்பனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் மனுவில் பெயரைப் பார்க்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த வருஷம், மாமன் மகன் போட்ட மனுவைப் பாஸ் பண்ணிவிட்டு, சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினாய் என்று மெமோ வாங்கியவர். அன்றிலிருந்து எந்த மனு வந்தாலும் மேலே ஒரு மடிப்பு. மனுதாரர் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் உள்ளே போய்விடும். கீழே ஒரு மடிப்பு. கையெழுத்து உள்ளே போய்விடும். இரண்டுக்கும் குண்டூசி. நடுவில் மிச்சமிருப்பதைத்தான் படிப்பார். பாஸான மனுவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது டைப்பிஸ்ட் வேலை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பியூன் ஆசீர்வாதத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார். ஆசீர்வாதத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குனிந்து பார்த்துவிட்டு, "மை கீது சார்" என்பான்.

நடுவில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் மனு திரும்பிப் போய்விடும். ஏஜெண்டு வைத்து எழுதுகிறவர்கள்தான் அவரிடம் தேறினார்கள். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு எவனெவன் என்னென்ன தப்பு பண்ணினான் என்று சம்பூர்ணத்திடம் கதை கதையாகச் சொல்வார். அவளும் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அப்ப ஸ்டாம்பு எந்தப் பக்கம்தான் ஒட்டணும்?" என்பாள். இன்னொரு நாள், "ஷெட்டு அளவ மீட்டர்ல போடாம அடிக்கணக்குல போட்டா ஒத்துக்க மாட்டீங்களா?" என்பாள். ஊரில் எந்தப் பெண்டாட்டி புருஷனுடைய ஆபீஸ் வேலையை இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அவளிடம் அவர் கண்ட ஒரே குறை கோயில் பைத்தியம். மத்தியானமானால் திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவாள். அம்மா வீட்டுச் சீதனமாக வந்த தையல் மெஷினைக்கூட, கோயிலுக்குப் போகவே பொழுது சரியாயிருக்கிறது என்று தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவள் சாவுக்கு, முன்பின் தெரியாத மூன்று பொம்பளைகள் வந்து வாய்விட்டு அழுதார்கள். கோயில் பழக்கம் போல என்று, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் இவர் நினைத்துக்கொண்டார்.

சரி, ஆர்டருக்கு வருவோம். பெண்கள் பெயரில் இருந்த தையல் யூனிட்டுகள் இரண்டே இரண்டு. புதன்கிழமை காலையில் தேசப்பன் கும்மிடிப்பூண்டிக்குப் போனார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஷெட். சொந்தக்காரி சந்திரகலா என்று பதிவு. உள்ளே அவள் புருஷன் லோகநாதன் கலர் சோடா உடைத்துக் கொடுத்து, எல்லாம் நான்தான் சார் என்றான். முதலாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதமாட்டேன் என்று தேசப்பன் பிடிவாதம் பிடித்தார். ஆள் போய் அந்த அம்மாளை அழைத்து வந்தான். கையில் மாவோடு வந்தாள். தேசப்பன் பதிவுக் காகிதத்தைக் காட்டினார்.

அவள் எழுத்துக் கூட்டி முழுசும் படித்தாள்.

"இந்த ஷெட்டு என்னுதா?"

"சட்டப்படி உங்களுதுதான்மா."

"மெஷினெல்லாம்?"

"அதுவும்."

அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஆறு வருஷமாக அம்மாவைப் போய்ப் பார்க்க பஸ் சார்ஜுக்குக் கெஞ்சியவள் அவள். சாவியைக் கேட்டு வாங்கினாள். தைத்துக்கொண்டிருந்த எட்டுப் பேரையும் வெளியே வரச் சொன்னாள். ஷெட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மா ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

லோகநாதன் தேசப்பனைத்தான் பிடித்துக்கொண்டான். "நல்லாருந்த ஊட்டப் பிரிச்சிட்டியே நைனா" என்று மூக்கைச் சிந்தினான். இருந்த இரண்டு யூனிட்டில் ஒன்றுக்கு இப்படிப் பூட்டு விழுந்தது.

அனுபவம் வந்துவிட்டதல்லவா, வியாழக்கிழமை தேசப்பன் உஷாராக முன்கூட்டியே ஆள் அனுப்பினார். அதே வட்டாரத்து ஆரணியில் கோணிப்பை தைக்கிற திருமலையின் யூனிட். சொந்தக்காரி அவன் அம்மா கங்கம்மாள். நான் வரும்போது முதலாளி நாற்காலியில் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போனபோது ஒரு கிழவி நாற்காலியில் ஜம்மென்று இருந்தாள். பெயர் கேட்டார், கங்கம்மாள் என்றாள். புருஷன் பெயர் கேட்டார், அதுவும் சரியாகச் சொன்னாள். தேசப்பன் சந்தோஷமாக அங்கேயே உட்கார்ந்து, சொந்தக்காரியை நேரில் கண்டேன் என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அப்போது கிழவி திருமலையிடம், "பொழுது சாயுது நைனா. ஒத்துக்கின கூலியக் குடுத்தா நான் மாட்டைக் கட்டப் போவேன்" என்றாள்.

அவள் பக்கத்துத் தெரு பூவம்மாள். நிஜக் கங்கம்மாள் செத்து மூன்று வருஷமாகிறது. மாலை போட்ட அவள் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் தேசப்பன் ரிப்போர்ட் எழுதியிருந்தார். அந்த அம்மாள் போன பொங்கலுக்குக்கூட மனுவில் ரேகை வைத்திருக்கிறாள். மனு சுத்தமாக இருந்ததால் இவரும் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்.

லோகநாதன் போன் செய்து அழுததும், கையெழுத்தாகிவிட்டதால் கிழிக்க முடியாமல் போன, செத்தவளை நேரில் கண்ட ரிப்போர்ட்டும் ஒரே நேரத்தில் ஆபீசர் மேஜைக்கு வந்தன. இரண்டு யூனிட்டையும் அவர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "நாளைக்கு அஞ்சு மணி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தேசப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம், திருப்பி அனுப்பிய மனுக்களின் நகல் கட்டைக் கொண்டுவந்து போட்டான். அதில் ஒரே யூனிட்டின் மனு மூன்று தடவை திரும்பியிருந்தது. தலையணை உறை, படுக்கை விரிப்பு தைக்கிற யூனிட். டைப் அடித்த மனு. முதல் தடவை ஸ்டாம்பு இடது பக்கம் ஒட்டியிருந்தது. இரண்டாவது தடவை நகல் ஒன்று குறைவு. மூன்றாவது தடவை ஷெட்டின் அளவு அடியில். விலாசம், திருப்பாச்சூர் கோயில் தெற்கு வீதி.

மேலேயும் கீழேயும் குண்டூசி குத்தினபடியே இருந்தது.

"பிரிச்சித்தான் பாருங்களேன் சார், யாரு இன்னான்னு தெரியும்ல?" என்றான் ஆசீர்வாதம்.

"பத்தொம்போது வருஷமா பாக்காதத இன்னிக்கிப் பாக்கணுமா? நேர்ல போனா பொம்பளை யூனிட்டான்னு தெரிஞ்சிடும்" என்றார் தேசப்பன்.

திருப்பாச்சூருக்கு அவர் அதுவரை போனதில்லை. பஸ்ஸிலிருந்தே கோபுரத்தைப் பார்த்தார். ஒரு நாளாவது நீங்களும் வாங்களேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். போயிருக்கலாம். போகவில்லை.

தெற்கு வீதியில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டு. மூன்று பெண்கள் வெள்ளைத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. அவரைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஹாஜிரா என்கிற பெண் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். முத்தம்மா என்பவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆபீஸ்காரனைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று தேசப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. பயப்படாதீங்கம்மா, ஆர்டர் கொடுக்கத்தான் வந்திருக்கேன் என்றார். மனு மட்டும் புதுசாக வேண்டும் என்றார்.

ஹாஜிரா பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏற்கெனவே டைப் அடித்து வைத்த நாலாவது மனு.

தேசப்பன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கைப்பழக்கமாக மேலே ஒரு மடிப்பு மடித்தார். கீழே ஒரு மடிப்பு மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படித்தார். ஸ்டாம்பு வலது பக்கம். நகல் மூன்று. ஷெட்டின் அளவு மீட்டரில். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. ஏஜெண்டு கை படாமல் இப்படி ஒரு மனு அவர் சர்வீஸில் வந்ததே கிடையாது. மாற்றல் இல்லை, புடவையை எடுக்க வேண்டாம் என்று அவர் கண் கலங்கிவிட்டது.

"கையெழுத்து இருக்குதாம்மா?"

"இருக்குது சார்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா தேதி மாசி மாசத்துது. எட்டு மாசமா ஏன் அனுப்பாம வச்சிருந்தீங்க? இவ்ளோ சுத்தமா யாரு எழுதினது? அவங்கள வரச் சொல்லுங்க, நான் பாக்கணும்."

ஹாஜிரா நாலாவது மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

"நீங்க சாப்புட ஒக்காரும்போது ஒண்ணொண்ணாக் கேட்டுக்கினு வந்து அக்காதான் சார் எழுதினாங்க; 'எங்க ஊட்டுக்காரரு பேரப் பாக்க மாட்டாரு, நாமதான் தப்பில்லாம எழுதணும்'னு சொல்வாங்க."