லாட் நம்பர் போட்ட ஜாவா

எனக்கு ஜாவா தெரியும் என்று நான் இன்டர்வியூவில் சொன்னது முழுப் பொய் இல்லை. வேலூரில் ஆறு மாதம் படித்தேன், சர்டிபிகேட்கூட இருக்கிறது. ஒரு ப்ரோக்ராமை இன்ஸ்டால் செய்வது எப்படி என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. (நானும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது?)

இரண்டாயிரத்துச் சொச்சம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் மூன்று மாத ட்ரெய்னிங், இந்தக் கதை நடந்த அன்றோடு முடிகிறது. ஒரு தோலில் எத்தனை ஜோடிக்குத் துண்டு வெட்டலாம் என்று காட்டும் ஜாவா ப்ரோக்ராமை, எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பியிருந்தார். மூன்று மணிக்கு அவருடைய ஆள் வந்து பார்ப்பார். ஓடினால் எனக்கு வேலை பர்மனென்ட். ஓடாவிட்டால் சொந்த ஊர் பள்ளிகொண்டாவுக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

காலையில் முதலில் ஜாவா, அப்புறம் ப்ரோக்ராம் என்று ஏற்றி க்ளிக் செய்தேன். திறந்துகொண்டது! எனக்கே நம்பிக்கை வரவில்லை. சி.டி.யைக் கொண்டுவந்திருந்த பையரின் ஏஜென்ட் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் கம்பெனிக்குள் வரும் தோல், பசை, நூல் எல்லாவற்றுக்கும் லாட் நம்பர் உண்டு. நம்பர் போடாத ஒரு நூல் பெட்டிக்காக மேனேஜர் நசீர் பாயிடம் சேர்ந்த வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ப்ரோக்ராமும் உள்ளே வந்த சரக்குதானே? கடமை உணர்ச்சி பொங்க ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்றுக்கு 'லிப்' என்று பெயர், இன்னொன்றுக்கு வெறும் 'பின்'. (இதெல்லாம் ஒரு பேரா?) பதினேழு பெயர்களையும் அழித்து, லாட் ஒன்று முதல் லாட் பதினேழு வரை சூட்டினேன். அந்த அழகுக்கு என் கண்ணே பட்டிருக்கும்.

ரெண்டரைக்கு நசீர் பாய் வந்து, "எங்க, காட்டும்மா" என்றார். க்ளிக் செய்தேன். ஒரு கறுப்புக் கட்டம் மின்னி மறைந்தது. மறுபடி க்ளிக். மறுபடி கறுப்பு.

"காலைல ஓடுச்சே, அப்புறம் இன்னா பண்ணே?"

"ஒண்ணுமே பண்ணல சார். நம்பர்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்..."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோலுக்கு நம்பர் குத்தினா தோலு கோவிச்சுக்காதும்மா. இது பேரைச் சொல்லித் தேடுது போல. பழைய பேரு இன்னா?"

"ஞாபகம் இல்ல சார்." அழுதே விட்டேன்.

"பேஜார் பண்ணாத! ரெஜிஸ்டர்ல ஏத்துனியா, இல்லியா?"

ஸ்தோத்திரம்! ஏற்றியிருந்தேன்! நம்பர் போட்டால் பக்கத்தில் சரக்கின் பழைய பெயரை எழுதியே ஆக வேண்டும், அது கம்பெனி சட்டம். பதினேழு வரியும் என் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தன. பாய் எழுத்துக்கூட்டிப் படிக்க, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தேன். கடைசிப் பெயரை அடிக்கும்போது பையரின் ஆள் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். (ஷூ கம்பெனிதான். ஆனால் கம்ப்யூட்டர் ரூமுக்குள் வெறுங்கால்தான்.)

க்ளிக். திறந்தது! திரை முழுக்க ஒரு தோல் விரிந்தது. வந்தவர் மேஜையிலிருந்த ரெஜிஸ்டரைப் பார்த்து என்னவென்று கேட்டார். "உங்க ப்ரோக்ராம்ல இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இந்தப் பொண்ணு எழுதியே வெச்சிருக்கு சார்" என்று பாய் ஆங்கிலத்தில் கூசாமல் அடித்துவிட்டார். இப்படி ஒரு ஒழுங்கை எந்த கம்பெனியிலும் பார்த்ததில்லை என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே பர்மனென்ட் ஆர்டர் கையில் வந்தது. ராணி மாதிரி பஸ் ஏறினேன்.

இதை வீட்டில் சொன்னதுதான் அடுத்த தப்பு. கல்யாணம் பேச வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "இனிமே பொண்ணுக்கு எங்க புள்ள இனிஷியல்தானே?" என்றார். அப்பா பதறிப்போய், "வாணாம்ங்க, பேர்ல கைவெச்சா எல்லாம் நின்னுடும்" என்று முழுக் கதையையும் கொட்டிவிட்டார். இரண்டு வீடும் விழுந்து விழுந்து சிரித்தது.

இன்றுவரை என் கையெழுத்து அப்பாவின் இனிஷியலோடு ஜே. ஸ்டெல்லாதான். ஏன் மாற்றவில்லை என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்: "நல்லா ஓடிக்கினு இருக்குது, நாம ஏன் கைவெக்கணும்?"