மூன்று ஆட்டம் தூரத்தில் ஒருவர்

தயாராகிக்கொண்டே இருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பி, கண்ணாடி, தொப்பி, காதடைப்பான், சீக்கிரம் உலரும் துண்டு என்று ஒவ்வொன்றையும் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி முடிப்பார். அதற்குள் குளத்தில் சேர்க்கைத் தேதி முடிந்திருக்கும். வருத்தப்படுவாரா? மாட்டார். அடுத்த வருஷத்துக்கு எல்லாம் கைவசம் இருக்கிறதே! இந்த இனத்தில் பல கிளைகள் இருந்தாலும், அண்மைக்காலத்தில் கொழுத்து வளர்ந்திருப்பது இணையத்தில் போட்டி விளையாட்டு ஆடும் கிளைதான். ஆடும் கிளை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்து நான்கு. தொழில், லிஃப்ட் பராமரிப்பு. பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வைத்திருப்பார். கயிறு பார்த்தாயிற்றா, கதவு பார்த்தாயிற்றா, எண்ணெய் விட்டாயிற்றா என்று கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து, ஐந்து பேர் சேர்ந்து எதிரணி ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்தும் ஓர் ஆட்டத்தில் ‘எரிமலை’ என்ற பெயரில் களமிறங்குவார். அந்த ஆட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு; ‘ரேங்க் ஆட்டம்’ என்ற நிஜப் போட்டிகளில் ஜெயித்தால்தான் படி ஏறலாம். எரிமலை இரண்டு வருஷமாக வெள்ளியிலேயே குடியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி வண்டி ஓட்டும் மச்சினன் வந்தான். அவன் தங்கம். உருளை உடைந்துபோன மவுஸை வைத்துக்கொண்டு, ஒரு கையால் பன்னைத் தின்றுகொண்டே ஆடி வாங்கிய தங்கம்.

“மாமா, எங்க டீம்ல ஒருத்தன் விலகிட்டான். பெரிய போட்டிக்குப் பேர் குடுக்கணும். உங்களைச் சேத்துக்கலாம்னு இருக்கேன். ஆனா தங்கத்துல இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. சீசன் முடிய அம்பது நாள் இருக்கு. நீங்க இன்னும் மூணு ஆட்டம் ஜெயிச்சாப் போதும். இன்னிக்கு உக்காந்தா இன்னிக்கே முடிஞ்சிடும்.”

“இன்னிக்கேவா?” எரிமலை திடுக்கிட்டார். “பயிற்சி இல்லாமயா?”

அந்த இடத்துக்காக அவர் எத்தனை நாளாக ஏங்கினார் என்பது மச்சினனுக்குத் தெரியாது. ஒரு அணி, ஒரே நிறச் சட்டை, அதன் முதுகில் எரிமலை என்ற எழுத்து. லிஃப்ட் ஓடினால் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோனால் எல்லோரும் திட்டுவார்கள். ஒரு தடவையாவது யாராவது தன்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டார். அதனால் இதை ஏனோதானோவென்று செய்யக்கூடாது என்று முடிவு கட்டினார்.

முதல் வாரம், பயிற்சி செய்வது எப்படி என்று பதினோரு வீடியோ பார்த்தார். இரண்டாம் வாரம் அட்டை தயாரானது. அடடா, என்ன அட்டை! ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று வண்ணத்தில் கட்டம் பிரித்து, மணிக்கட்டு சுழற்றல் பத்து நிமிடம், கண் உருட்டல் ஐந்து நிமிடம், சுவரில் தோன்றி மறையும் ஐந்நூறு புள்ளிகளைச் சுடுதல், திருப்பிச் சுடாத பொம்மை எதிரிகளோடு அரை மணி, பழைய தோல்விகளை ஓடவிட்டு ஆராய்ந்து நோட்டில் எழுதுதல், அந்த நோட்டை வாரக் கடைசியில் மறுபடி ஆராய்தல் என்று நீண்டுகொண்டே போய், அடியில் பொடி எழுத்தில் ‘ரேங்க் ஆட்டம் – தகுதி வந்த பின்’ என்று முடிந்தது. வலது ஓரத்தில் மேற்பார்வையாளர் கையொப்பத்துக்கு ஒரு வரிசை. மேற்பார்வையாளர் யார்? வேறு யார், மனைவிதான்.

அந்த அம்மாள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இன்றைக்கு அரை மணி நேரம் பல் தேய்க்கும் மனிதர்களைத் தினமும் பார்ப்பவர். தினம் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பார்.

“இன்னிக்கு ஜெயிச்சீங்களா?”

“பயிற்சியில ஜெயிக்கிறது, தோக்கிறதுன்னெல்லாம் கிடையாதும்மா.”

“அப்ப என்னதான் கிடைக்கும்?”

“முன்னேற்றம்.”

முன்னேற்றம் பொய்யில்லை. ஐந்நூறு புள்ளிகளில் முந்நூறைச் சுட்டுக்கொண்டிருந்தவர் நானூற்றுப் பதினேழுக்கு வந்துவிட்டார். பொம்மைகள் அவரைக் கண்டாலே விழுந்தன. கட்டடம் கட்டடமாகப் போகும்போதும் பயிற்சி தொடர்ந்தது. லிஃப்டுக்குள் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, ஆறாவது மாடிக்காரர் ஏதோ வலிப்பு என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். “ரத்த ஓட்டத்துக்குங்க” என்று தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சம் இருந்த சுற்றுகளை முடித்துக்கொண்டார்.

ஒரு நாள், எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிப்போய், பத்தே நிமிடத்தில் ஆளை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மனைவி வாசலில் மறித்தார்.

“இப்ப ஓடினீங்களே, மணிக்கட்டைச் சுத்திட்டா ஓடினீங்க? பொம்மை லிஃப்ட் எதையாவது ரிப்பேர் பண்ணிப் பாத்துட்டா போனீங்க?”

“நல்லா கேட்டே. அது வேலை. இது விளையாட்டு!”

உண்மை அதுவல்ல. பொம்மைகள் பேசாது. மனிதர்கள் பேசுவார்கள். அவர் கடைசியாக ஆடிய ரேங்க் ஆட்டத்தில், மீசை முளைக்காத குரல் ஒன்று ஹெட்போனில் கத்தியது: “யாருப்பா அந்த எரிமலை? அணைஞ்சே போச்சேப்பா!” மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அட்டையில் இருந்த அத்தனை கட்டங்களும் அந்தச் சிரிப்புக்கு எதிராகக் கட்டிய சுவர்தான். அவர் பயந்தார், அவ்வளவுதான்.

சீசன் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடிகிறது. சனிக்கிழமை மதியம் நான்கு மணிக்கு, அட்டை முழுக்க டிக்கும் கையெழுத்துமாக நிறைந்திருக்க, தகுதி வந்துவிட்டதாகத் தமக்குத் தாமே அறிவித்துக்கொண்டு, ஐம்பது நாளில் முதன்முறையாக ‘ரேங்க் ஆட்டம்’ என்ற பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வாசகம் வந்தது.

‘முப்பது நாட்களுக்கு மேல் ரேங்க் ஆட்டம் ஆடாததால் உங்கள் நிலை குறைக்கப்பட்டது. தற்போதைய நிலை: வெண்கலம்.’

எரிமலை மூன்று தடவை படித்தார். பிறகு மச்சினனைப் போனில் கூப்பிட்டார்.

“ஆடாம இருந்தா இறங்கிடும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“எப்படித் தெரியும்? பதினோரு வீடியோல ஒருத்தனும் சொல்லலையே!”

“ஆடுறவனுக்கு அதை எதுக்கு மாமா சொல்லணும்?”

மச்சினன் நல்லவன். “சரி விடுங்க. இப்ப தங்கத்துக்குப் பதினோரு ஆட்டம் ஜெயிக்கணும். ஒரு நாளுக்கு மேலயே இருக்கு. நீங்க ஜெயிப்பீங்க மாமா. யோசிக்காம அமுக்குங்க” என்றான்.

அமுக்கினார். மணிக்கட்டைச் சுழற்றவில்லை. கண்ணை உருட்டவில்லை. ஆனால் கைக்கு நானூற்றுப் பதினேழு புள்ளிகள் ஞாபகம் இருந்தன. எதிரணியில் ஐந்து பேர் வந்தார்கள், ஐந்து பேரும் விழுந்தார்கள். ஹெட்போனில் முகம் தெரியாத நாலு பேர், “யாருப்பா அந்த எரிமலை? பின்றாருப்பா!” என்று கூத்தாடினார்கள். அடுத்த அறையிலிருந்து மனைவி ஓடிவந்து கைதட்டினார். எரிமலைக்குக் கண் கலங்கிவிட்டது. நானூற்றுப் பதினேழைத் தொட்ட அன்றே உட்கார்ந்திருந்தால் இதேதான் நடந்திருக்கும்.

“இன்னும் பத்துதான். அமுக்குங்க!” என்றார் மனைவி.

எரிமலை இழுப்பறையைத் திறந்தார். ஸ்கேலை எடுத்தார்.

“என்ன பண்றீங்க?”

“ஏன் ஜெயிச்சோம்னு தெரிஞ்சுக்காம அடுத்ததை எப்படிம்மா ஆடுறது? ஒரு சின்ன ஆய்வு. ஒரு அட்டை. ஒரே ஒரு மணி நேரம்.”

அந்த ஆய்வு ஞாயிறு மாலை ஐந்தரை வரை நடந்தது. எதிரணி ஆள் ஒவ்வொருவரும் எந்த நொடியில், எந்த மூலையில், எதனால் விழுந்தார் என்பதற்கு ஐந்து வண்ணத்தில் கட்டங்கள். ஆறு மணிக்கு சீசன் முடிந்தது. அணியில் இருந்த இடம், பேக்கரியில் அடுப்பு பார்க்கும் ஆளுக்குப் போயிற்று. ரொட்டி வேகும் இடைவெளியில் ஆடித் தங்கம் வாங்கியவராம். புது அட்டையில் மேற்பார்வையாளர் கட்டம் மட்டும் இன்றுவரை காலி. மனைவி அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இன்றைக்கு நீங்கள் தொடங்கியே தீருவது என்று வைத்திருந்த காரியம் ஒன்று இருந்ததே, அதற்கு முன்னால் மனசைக் கொஞ்சம் லேசாக்கிக்கொள்ளலாம் என்றுதானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்?